ஆடிச் சந்தைக் குதிரை: லாரி இறங்கிய நாள் முதல் ஐப்பசி மழை முடியும்வரை என்னென்ன பார்க்கணும்?

#1 – தோப்புலாயம்

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் 4 வயசு மார்வாரி பெண் குதிரை ஒண்ணு பேசி முடிச்சாச்சு. வியாபாரி ராஜஸ்தான்ல இருந்து லாரியில கொண்டு வந்தது. லாயம் பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புக்குள்ள. ஏற்கெனவே ஒரு மட்டக்குதிரையும் 6 மாடும் இருக்கு, பத்தடி தள்ளி ஒரு குட்டை. இணையத்துல கிடைக்கிற அட்டவணை எல்லாம் பனிக்கு முன்னாடி இதைப் போடு, பனி உருகினதும் அதைப் போடுன்னு இருக்கு. நம்ம ஊர்ப் பருவத்துக்கு எதை, எப்ப பண்றது? முதல் மூணு வாரத்துல ஆரம்பிச்சு மழை முடியற வரைக்கும் சொல்லுங்க.

#2 – குளம்படி மருத்துவர்

முதலில் ஒரு பொருள் வாங்கிவிடுங்கள்: டிஜிட்டல் வெப்பமானி. வால் முனையில் கட்டுகிற மாதிரி ஒரு நூலும் கிளிப்பும் சேர்த்து. மருந்துப் பெட்டியில் வேறு எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ராஜஸ்தானிலிருந்து அந்தியூர், அந்தியூரிலிருந்து பொள்ளாச்சி என்று வந்த குதிரைக்கு வரக்கூடிய நோய்களில் பெரும்பாலானவை மற்ற அறிகுறிகளுக்கு முன்னால் காய்ச்சலாகத்தான் தலைகாட்டும்.

அளக்கும் முறை: குதிரையின் இடது பக்கம், பின்காலுக்குச் சற்று முன்னால் உடம்போடு ஒட்டி நில்லுங்கள். நேர் பின்னால் நிற்கவேண்டாம். வாசலின் தடவி 5 செ.மீ. உள்ளே விட்டு, லேசாகச் சாய்த்து ஆசனவாயின் பக்கச்சுவரில் படும்படி பிடியுங்கள். சாணி உருண்டைக்குள் குத்தி நின்றால் அளவு குறைத்துக் காட்டும். காலை வேலைக்கு முன்னும் சாயங்காலமும், தினமும் ஒரே நேரத்தில். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 101.5ஐத் தாண்டினால் போன் செய்யுங்கள். 'நாளைக்கும் பார்த்துட்டு சொல்றேன்' வேண்டாம்.

நீண்ட பயணத்தில் தலையைத் தூக்கிக் கட்டியே கொண்டுவருகிறார்கள். குதிரை தலையைக் கீழே தொங்கவிட்டால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியே வடியும். 12 மணி நேரத்துக்கு மேல் தலை உயர்ந்தே இருந்தால் தொண்டைக் கிருமிகள் நுரையீரலுக்கு இறங்கும். இதுதான் பயணக் காய்ச்சல். நுரையீரல் உறையில் நீர் கோக்கும் வரை போகும். வண்டி இறங்கிய முதல் 3 நாள் இதற்கான காலம். அதனால் இறக்கியதும் புல்லைத் தரையில் போடுங்கள், தொங்கும் வலைப்பையில் வேண்டாம்.

#3 – லாயத்து சைஸ்

டாக்டர் சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. இறக்கின உடனே கொள்ளு, தவிடுன்னு வாளி நிறைய வெச்சிராதீங்க. முதல்ல தண்ணி, அப்புறம் காய்ந்த புல், அன்னைக்கு அவ்வளவுதான். லாரியில தண்ணி சரியாக் குடிச்சிருக்காது, குடலு காஞ்சு கெடக்கும். அதுமேல தானியம் போட்டா ராத்திரியே வயித்துவலின்னு உருளும். வியாபாரிகிட்ட என்ன தீவனம் போட்டீங்கன்னு கேட்டு, முடிஞ்சா 10 கிலோ அதையே வாங்கிட்டு வந்திருங்க. புதுத் தீவனத்துக்கு மாத்த 10 – 14 நாள் எடுத்துக்கணும்.

இன்னொண்ணு, மட்டக்குதிரையோட வாளி, மாலிஷ் பிரஷ், தலைக்கயிறு எதையும் இதுக்குப் போடாதீங்க. ஒரே ஆள்தான் பாக்கறீங்கன்னா பழசுக்கு முதல்ல வேலை முடிச்சிட்டு அப்புறம் புதுசு. திரும்பி வரக்கூடாது.

#4 – தோப்புலாயம்

பிரிச்சுக் கட்டறதுன்னா எவ்வளவு தூரம்? ஒரே கொட்டகையில நடுவுல தட்டி கட்டினா போதுமா?

#5 – குளம்படி மருத்துவர்

போதாது. மூக்கோடு மூக்கு படக்கூடாது என்பது குறைந்தபட்சம்; இருமல் தெறிக்காத தூரம் இன்னும் நல்லது. தோப்பின் மறுகோடியில் 4 கால் நட்டு ஓலை போட்டால்கூட ஒட்டிய கொட்டகையைவிட மேல். 21 நாள். காரணம் இப்படி: குதிரை இன்புளுயன்சா வெளிப்பட 1 – 3 நாள் போதும். ஸ்ட்ராங்கிள்ஸ் என்கிற தாடைக்கட்டி நோய்க்கு 3 முதல் 14 நாள் ஆகும். சந்தையில் பல மாநிலத்துக் குதிரைகள் ஒரே தொட்டியில் வாய் வைக்கின்றன. இந்தியாவில் 1987லும் 2008–09லும் இன்புளுயன்சா பரவியபோது குதிரைகளின் நடமாட்டத்தோடுதான் அதுவும் நகர்ந்தது. 2008இல் ஜம்மு பக்கம் கட்ராவில் தொடங்கியது பல மாநிலங்களுக்குப் போனது.

அதைவிடக் கடுமையானது கிளாண்டர்ஸ். மூக்கில் ஒரு பக்கமோ இரு பக்கமோ கெட்டியான மஞ்சள் சளி, மூக்கின் நடுத்தடுப்பில் புண், ஆறினால் நட்சத்திர வடிவத் தழும்பு, பின்கால் உட்புறத்தில் நிணநீர் வழியே வரிசையாகக் கட்டிகள் உடைந்து எண்ணெய் மாதிரி வடிதல். இதில் எதைக் கண்டாலும் கை வைக்காதீர்கள், மனிதனுக்கும் தொற்றும். தடுப்பூசி கிடையாது. சிகிச்சைக்கும் அனுமதி இல்லை. 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்ச் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லியே ஆகவேண்டும். ரத்தமாதிரி ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்குப் போகும். முடிந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே பரிசோதனைச் சான்று கேளுங்கள். சந்தையில் யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் வைத்திருப்பதும் இல்லை.

தடுப்பூசி: வந்த அன்றே போடவேண்டாம். 7 – 10 நாள் காய்ச்சல் இல்லாமல் நோட்டு சுத்தமாக இருக்கட்டும். டெட்டனஸ் டாக்சாய்டு முதல் ஊசி, 4 – 6 வாரத்தில் இரண்டாவது, பிறகு ஆண்டுக்கு ஒன்று. இன்புளுயன்சாவும் 2 ஊசி இதே இடைவெளியில், 6 மாதத்தில் ஊக்க ஊசி. வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை. தெருநாய் உலவும் தோப்பில் இதைத் தள்ளிப்போட வழியில்லை. கழுத்துத் தசையில் போடச் சொல்லுங்கள். புட்டத்தில் போட்டு சீழ் பிடித்தால் வடிய வழி இருக்காது.

#6 – லாடக்கொட்டகை

டெட்டனஸ் பத்தி ஒரு வரி. சந்தைக் குதிரைக்கு லாடம் அவசரத்துல அடிச்சிருப்பாங்க. ஆணி உயிர்ச்சதைக்குள்ள போயிருந்தா ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் நொண்டும். குளம்பைத் தொட்டா சூடு, குளம்புக்கு மேல நாடி துள்ளும். அந்த ஆணியை மட்டும் பிடுங்கி, ஓட்டையில போவிடோன் அயோடின் விட்டு, கட்டுப் போட்டு, டாக்டரைக் கூப்பிடுங்க. தடுப்பூசி வரலாறு தெரியாத குதிரைன்னா அவங்க எதிர்நச்சு ஊசி 1500 யூனிட் போடறதா வேண்டாமான்னு பாத்துக்குவாங்க.

ஜன்னி ஆரம்பிச்சிருக்கான்னு பாக்க, தாடைக்குக் கீழே விரலால ஒரு தட்டு. கண்ணோட உள்மூலையில இருக்கற மூணாவது இமை சட்டுனு பாதிக்கண் வரைக்கும் ஏறி இறங்கினா அது டெட்டனஸ். வால் கட்டை மாதிரி நிக்கும், காது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்து விறைக்கும்.

மழைக்கு வருவோம். ஐப்பசியில எனக்கு வர்ற வேலை பாதி அடிக்குளம்பு அழுகல்தான். குளம்பைத் தூக்கினா நடுவுல முக்கோணமா ரப்பர் மெத்தை மாதிரி இருக்கும்ல, அதோட ரெண்டு பக்கப் பள்ளத்துலயும் நடுப்பிளவுலயும் கருப்பா ஊறி நாத்தம் அடிக்கும். குளம்புக் கொக்கியை பின்மடத்துல இருந்து முனைப்பக்கமா இழுங்க, எதிர்ப்பக்கமா குத்தாதீங்க. தண்ணியில தேச்சுக் கழுவி, துணியில நல்லா ஈரம் எடுத்து, அப்புறம் மருந்து. சர்க்கரையில போவிடோன் அயோடின் விட்டுக் கெட்டிக் களிம்பாக் குழைச்சு, பஞ்சுல திணிச்சு பிளவுக்குள்ள அடைங்க. தினமும் மாத்துங்க. மயில்துத்தத்தைப் பொடியா அப்படியே தூவறாங்க, அது அழுகலோட சேத்து உயிர்ச்சதையையும் பொசுக்கும். அதுக்கப்புறம் குதிரை காலே தராது.

மருந்தைவிட தரை முக்கியம். மூத்திரம் தேங்கற மண் தரையில என்ன போட்டாலும் ஆறாது. லாடம் மழைக்காலத்துலயும் 4 – 6 வாரத்துக்கு ஒருக்கா கழட்டி, சீவி, அடிக்கணும்.

#7 – ரத்தப்பூச்சு

நான் ஆய்வகப் பக்கம். #1ஐப் படித்ததும் கண்ணில் பட்டது இரண்டு: 6 மாடு, ஒரு குட்டை. யாரும் அதைத் தொடவில்லை.

சர்ரா நோய்தான் உங்கள் லாயத்தின் மழைக்கால ஆபத்து. டிரிப்பனோசோமா இவான்சி என்கிற ஒட்டுண்ணி ரத்தத்தில் நீந்தும். மாடும் எருமையும் பெரிய அறிகுறி காட்டாமல் அதைச் சுமந்திருக்கும். பெரிய கடி ஈ மாட்டில் குடித்துக்கொண்டிருக்கும்போது வால் அடிக்கும். பாதியில் எழுந்து பக்கத்துக் குதிரையில் உட்காரும். வாய்ப்பகுதியில் ஒட்டிய ஈர ரத்தம் அப்படியே ஊசி மாதிரி இறங்கும். ஈயின் உடம்புக்குள் அது வளர்வதோ பெருகுவதோ கிடையாது. அந்த ஈரம் காய்வதற்குள் நடக்கவேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் தூரம் வேலை செய்கிறது. மாட்டுக்கொட்டகைக்கும் லாயத்துக்கும் 50 மீட்டராவது இருந்தால், பாதியில் எழுந்த ஈ திரும்ப அதே மாட்டில் உட்காரவே வாய்ப்பு அதிகம்.

ஒரே ஊசியால் இரண்டு குதிரைக்குப் போடுவதும் இதே வேலையைத்தான் செய்யும்.

அறிகுறி: காய்ச்சல் வரும், 2 – 3 நாளில் தானே இறங்கும், சில நாள் கழித்துத் திரும்ப வரும். தீவனம் நன்றாகவே தின்னும், ஆனால் இளைக்கும். வயிற்றடி, கால், மடிப்பக்கம் நீர் கோக்கும். விரலால் அமுக்கினால் குழி நிற்கும். ஈறும் கண் உட்புறமும் வெளிறும், மூன்றாவது இமையில் சிறு ரத்தப்புள்ளி இருக்கும். பின்பகுதி தள்ளாடும் கட்டத்துக்கு வந்தால் காலம் கடந்துவிட்டது. இடைவிட்ட காய்ச்சலைப் பிடிக்க அந்த நோட்டைவிட்டால் வேறு வழி கிடையாது, குளம்படி டாக்டரோடு நான் முழுக்க ஒத்துப்போகும் இடம் இது.

#8 – லாயத்து சைஸ்

ஈக்கு நாங்க சாணியைத் தினம் ரெண்டு வேளை அள்ளிடுவோம், சாயங்காலம் வேப்பிலை மூட்டம். அதுவே பாதி ஈயைக் குறைச்சிரும்.

#9 – ரத்தப்பூச்சு

எந்த ஈயை என்பதுதான் கேள்வி, அண்ணா. வீட்டு ஈ சாணியில் முட்டையிடும். லாயத்துக் கடி ஈ மூத்திரம் ஊறின வைக்கோலில் இடும். அவற்றுக்கு நீங்கள் சொல்வது சரியான வைத்தியம். நம் வெயிலில் வீட்டு ஈக்கு ஒரு வாரம் பத்து நாளில் ஒரு தலைமுறை வந்துவிடும் என்பதால் அதற்குள் அள்ளிவிட வேண்டும். சர்ராவைக் கடத்துவதில் முன்னிற்கும் பெரிய ஈ (டபானஸ்) குட்டை ஓரச் சேற்றில் வளர்வது. சாணி அள்ளினால் அது ஒன்றுகூடக் குறையாது. பகலில், நல்ல வெயிலில் கடிக்கும். நிழலான கொட்டகைக்குள் அவ்வளவாக நுழையாது. ஆகவே மழை விட்டு வெயில் அடிக்கும் நாட்களில் பகலில் உள்ளே, மேய்ச்சல் அதிகாலையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டைப் பக்கம் கட்டவே கூடாது.

மூட்டம் போடுவதாக இருந்தால் லாயத்துக்கு வெளியே, காற்று வரும் பக்கம். மூடின கொட்டகைக்குள் போட்டுவிட்டு, பிறகு குதிரை ஏன் இருமுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கூரையில் ஒரு மின்விசிறி நேராக உடம்பின்மேல் வீசினால் கொசுவும் ஈயும் உட்காரத் திணறும். வேர்வையும் காயும்.

#10 – தோப்புலாயம்

சர்ராவுக்கு ஊசி மெடிக்கல்லயே கிடைக்குதாமே. மாட்டுக்குப் போடற பெரெனில் வகை போட்டா ஆகாதா?

#11 – குளம்படி மருத்துவர்

ஆகாது. அதில் இருப்பது டிமினாசின். மாட்டுக்குத் தாங்குகிற மருந்து, குதிரைக்குப் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ரத்தத்தில் ஒட்டுண்ணி உறுதியானால் நாங்கள் பயன்படுத்துவது குவினாபைரமின் சல்பேட் – குளோரைடு கலவை, கிலோவுக்கு 3 – 5 மி.கி., தோலுக்கு அடியில். அதுவும் சாதுவான மருந்து இல்லை. போட்ட சிறிது நேரத்தில் எச்சில் ஒழுகும், வேர்க்கும், நடுங்கும், வயிற்றுவலி மாதிரி தரையை உதைக்கும். அதனால் மொத்த அளவைப் பிரித்து, பல இடத்தில், இடைவெளி விட்டுப் போடுகிறோம். ஒரு மணி நேரமாவது பக்கத்தில் இருக்கிறோம். போட்ட இடம் வீங்கும், சில நாள் இருக்கும். எடையைக் குத்துமதிப்பாகச் சொன்னால் இந்த மருந்தில் இரண்டு பக்கமும் அடி: குறைந்தால் நோய் திரும்பும், கூடினால் சிறுநீரகம்.

எடைக்குத் தராசு தேவையில்லை. முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச்சுற்றளவை செ.மீ.இல் எடுங்கள். மார்பு முனையிலிருந்து புட்ட எலும்பு வரை நீளம் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம், வகுத்தல் 11,880. சுற்றளவு 160, நீளம் 140 என்றால் ஏறக்குறைய 302 கிலோ. வியாபாரி 400 என்று சொல்லியிருப்பார்.

#12 – தோப்புலாயம்

அளந்து பார்த்தேன் டாக்டர், 305 வருது. அவர் 420ன்னார். :)

குடற்புழு மருந்தும் இந்த எடைக்குத்தானே? கண்ணுக்குள்ள புழு போகும்னு ஒருத்தர் சொன்னார், நம்பவா வேண்டாமா?

#13 – ரத்தப்பூச்சு

நம்புங்கள். தென்னிந்தியாவில் மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் குதிரை மருத்துவர்கள் பார்ப்பதுதான். செட்டேரியா என்ற நூல்புழு. சொந்த வீடு மாட்டின் வயிற்றறை. கொசு மாட்டிலிருந்து குட்டிப்புழுவை எடுத்துக் குதிரையில் விட்டால் அது வழிதவறி அலையும். கண்ணுக்குள் வந்தால் கருவிழிக்குப் பின்னால் உள்ள நீரில் 2 – 4 செ.மீ. வெள்ளை இழை ஒன்று நெளிந்து நீந்துவது டார்ச் இல்லாமலே தெரியும். விட்டால் கண் நீலம் பூத்து மங்கும். தண்டுவடத்துக்குள் போனால் பின்னிடுப்பு விழும். வட இந்தியக் குதிரைக்காரர்கள் கும்ரி என்பது இதை.

கண்புழுவுக்கு ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைக் கொடுத்து உள்ளேயே கொன்றால் செத்த புழு கண்ணில் அழற்சியைக் கிளப்பும். எடுத்துவிடுவதே நல்லது. எப்படி என்பதை டாக்டர் சொல்லட்டும்.

#14 – குளம்படி மருத்துவர்

சைலசின் என்ற மயக்க மருந்து கிலோவுக்கு 1.1 மி.கி. ரத்தச் சிரையில், இமை அசையாமல் இருக்க நரம்பு மரப்பு, கண்ணில் மரப்புச் சொட்டு. கருவிழியும் வெள்ளையும் சேரும் விளிம்பில் ஒரு சிறு குத்து. கண்நீர் பீச்சும்போது புழுவும் கூடவே வந்துவிடும், வராவிட்டால் இடுக்கி. முழு வேலைக்கும் சில நிமிடம். அதற்கு முன் ஒரு காரியம் சொல்கிறேன்: குதிரையை வெளிச்சத்தில் வைத்திருங்கள். இருட்டில் பாவை விரிந்தால் புழு பின்னறைக்குள் நழுவிவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

மழை மாதங்களில் மாதம் ஒருமுறை ஐவர்மெக்டின் கொடுத்தால் இது வராது என்று சில மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய லாயத்துக்கு அதில் நியாயம் உண்டு. ஆனால் அதே குதிரையின் குடலில் உள்ள புழுக்கள் மாதாமாதம் அந்த மருந்தைப் பார்த்துப் பழகும். நான் கொசுவலை, விசிறி, இருட்டும் முன் உள்ளே கட்டுவது ஆகியவற்றுக்குத்தான் முதலில் போவேன்.

குடற்புழுவுக்கு: சாணியில் புழு முட்டை எண்ணிக்கை பாருங்கள். கிராமுக்கு 200க்குக் கீழே என்றால் வளர்ந்த குதிரைக்கு மருந்து வேண்டாம். 500க்கு மேல் என்றால் கட்டாயம். இடைப்பட்டதில் மேய்ச்சல் நெருக்கத்தைப் பார்த்து முடிவு. ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மி.கி., வாய் வழியாக மட்டும். மாட்டு ஊசியைக் குதிரைத் தசையில் போடாதீர்கள். போட்ட இடத்தில் கிருமி புகுந்து தசை அழுகிச் செத்த குதிரைகள் உண்டு. 14 நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள், குறையவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சித்திரை, வைகாசி வெயிலில் காய்ந்த தரையில் குட்டிப்புழுக்கள் தாமே செத்துவிடும். அப்போது மருந்தில் பணம் போடுவது வீண். மழை தொடங்கிப் புல் எழும்பிய பிறகே அவை ஏறும், எண்ணிக்கை எடுக்கவேண்டிய நேரம் அது.

#15 – மலைமட்டம்

கொடைக்கானல் பக்கத்திலிருந்து. ஈ இங்கே குறைவு, எங்களுக்கு மார்கழிதான் தொல்லை. தண்ணீர் சில்லென்று இருந்தால் மட்டம் குடிக்காது, சாணி கெட்டியாகி உருண்டை சின்னதாகும், அப்புறம் அடைப்பு. வாளியில் கொஞ்சம் வெந்நீர் கலந்து கைச்சூட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் குடிக்கும். 300 கிலோ குதிரை ஓய்வில் நாளைக்கு 15 – 20 லிட்டர் குடிக்கவேண்டும். தொட்டியில் அளவு தெரியாது, வாளியில் வைத்து அளந்தால்தான் தெரியும். மலையில் அவிழ்த்துவிடும் மட்டங்களுக்கு குப்பையில் கிடக்கும் பாலித்தீன் பையும் அடைப்புக்குக் காரணம், அது எந்த மருந்துக்கும் கரையாது.

#16 – தீவனத் தராசு

தோப்புலாயம், பசும்புல் என்ன போடுகிறீர்கள்? கோ-4ஆ?

#17 – தோப்புலாயம்

ஆமா. தோப்புக்குள்ள கோ-4 இருக்கு, மாட்டுக்குப் போடறதுதான். கூட கோதுமைத் தவிடு 2 கிலோ, கொள்ளு 1 கிலோ.

#18 – தீவனத் தராசு

இது மாட்டுக்கு நல்ல தீவனம். குதிரைக்கு இதே கலவை மெதுவாக எலும்பைத் தின்னும். கோ-4 நேப்பியர் கலப்பினம், ஆக்சலேட் அதிகம். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும். குதிரைக்கு அந்தப் பை இல்லை. ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு சாணியில் போய்விடும். அதன்மேல் தவிடு, அதில் பாஸ்பரஸ் கொட்டிக் கிடக்கிறது, கால்சியம் கொஞ்சம். உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தைச் சமன் செய்யும். அதனால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே காட்டி ஏமாற்றும். ஒருநாள் ஒரு கால், மறுநாள் வேறு கால் நொண்டும், எடுத்து வைக்கும் அடி சிறுக்கும், கடைசியில் கண்ணுக்குக் கீழே முகஎலும்பு இரண்டு பக்கமும் உப்பும்.

மழையில் குப்பென்று எழும்பும் இளம் புல்லில்தான் ஆக்சலேட் உச்சம். கொழுக்கட்டைப்புல்லும் கினியாப்புல்லும் இதே சாதி, மாற்றாக அவற்றைப் போட்டுப் பயனில்லை.

305 கிலோவுக்கு இப்படிச் செய்யலாம். உலர்பொருள் (தண்ணீர் நீங்கிய தீவன எடை) நாளைக்கு 6 கிலோ அளவு தேவை. அதில் பாதிக்கு மேல் காய்ந்த அருகம்புல் அல்லது வேறு காய்ந்த மேய்ச்சல் புல். கோ-4ஐ 10 கிலோவுக்குள் வையுங்கள் (அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான்). குதிரை மசால் பசுமையாக 4 – 5 கிலோ கிடைத்தால் நல்லது, அதில் கால்சியம் தாராளம். தவிட்டை அரைக் கிலோவுக்கு இறக்குங்கள். கோ-4ஐ விடமுடியாது என்றால் தீவனச் சுண்ணாம்புத்தூள் 1 பங்கு, டைகால்சியம் பாஸ்பேட் 2 பங்கு கலந்து வாரத்துக்கு 600 கிராம், வெல்லப்பாகில் குழைத்து, நாள்வாரியாகப் பிரித்து. கல் உப்புத்தூள் தினம் 18 – 20 கிராம், வேலை வாங்கும் நாளில் இரட்டிப்பு. பக்கத்தில் தண்ணீர் இல்லாமல் உப்பு வைக்காதீர்கள்.

கொள்ளை ஊறவைத்து வேகவைப்பது சரி, ஆனால் காலையில் வெந்ததை மாலைக்கு வைக்கவேண்டாம், புளித்துவிடும். ஒருவேளை அடர்தீவனம் 1.5 கிலோவைத் தாண்டவே கூடாது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைக் 'குதிரைதானே, தின்னும்' என்று போடாதீர்கள். அதில் உண்டாகும் நஞ்சு மூளையைக் கரைக்கும், சிகிச்சை இல்லை. மழை வந்ததும் துளிர்க்கும் இளஞ்சோளப் பயிரும் வேண்டாம்.

#19 – லாயத்து சைஸ்

தவிட்டை அவ்வளவு குறைச்சா சாணி கட்டிக்காதாங்க? காலங்காலமா தவிட்டுக் கஞ்சிதானே குடுக்கறோம், வயிறு இளகன்னு.

#20 – தீவனத் தராசு

தவிட்டுக் கஞ்சியில் இளக்குவது அதில் உள்ள தண்ணீர். அதே தண்ணீரை ஊறவைத்த புல்லில் கொடுங்கள், வேலை நடக்கும். வாரம் ஒருநாள் மட்டும் கஞ்சி கொடுப்பதுதான் மோசமான பழக்கம். குடல் நுண்ணுயிர்களுக்கு அது திடீர் தீவன மாற்றம்.

#21 – தோப்புலாயம்

வயித்துவலி வந்தா டாக்டர் வர்ற வரைக்கும் என்ன பண்றது? பெரியவங்க மூங்கில் கொட்டத்துல நல்லெண்ணெய் ஊத்தச் சொல்றாங்க.

#22 – குளம்படி மருத்துவர்

ஊற்றாதீர்கள். தலையைத் தூக்கிக் கொட்டத்தில் ஊற்றும் எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் வயிற்றுவலி தீர்ந்த பிறகும் நுரையீரல் அழற்சியில் குதிரை போய்விடும். நாங்கள் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, கழுத்தின் இடது பக்கம் குழாய் இறங்குவதைக் கையால் தடவிப் பார்த்து, மறுமுனையில் இரைப்பை வாடை வருகிறதா என்று முகர்ந்த பிறகே எதையும் செலுத்துவோம். முதலில் உள்ளேயிருந்து வெளியே வருகிறதா என்று பார்ப்போம். குதிரையால் வாந்தி எடுக்கமுடியாது; இரைப்பை ஏற்கெனவே நிரம்பி 2 லிட்டருக்கு மேல் திரும்பி வந்தால் மேலே ஒரு சொட்டு விடமாட்டோம். அடைப்பு என்று உறுதியானால் 300 கிலோவுக்குத் திரவ பாரஃபின் 2 – 3 லிட்டர்.

நீங்கள் செய்யவேண்டியது: தீவனத்தை எடுத்துவிடுங்கள். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஈறை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்பவேண்டும். விலாவுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் காது வைத்துக் குடல் சத்தம் கேளுங்கள். கடைசியாக எப்போது சாணி போட்டது, எப்படி இருந்தது. இந்த நான்கையும் போனில் சொல்லுங்கள். நாடி 60ஐத் தாண்டி, ஈறு செங்கல் நிறமோ நீலமோ ஆகி, குடல் சத்தம் நின்றிருந்தால் நான் மற்ற வேலையை விட்டுவிட்டு வருவேன். அறுவை வசதி உள்ள இடத்துக்கு வண்டியும் தயாராக இருக்கவேண்டும். 44க்குள் நின்று, இடையிடையே புல்லைத் தேடினால் ஒரு மணி நேரம் பார்க்கலாம். உருளாமல் படுத்திருந்தால் படுக்கட்டும், களைக்கக் களைக்க நடத்தவேண்டாம்.

ஃப்ளூனிக்சின் கையில் இருந்தாலும் எனக்குச் சொல்லாமல் போடாதீர்கள். வலியை மறைத்துவிடும், அறுவை தேவையா என்பதே தெரியாமல் போகும். போட்டாலும் ரத்தச் சிரையில்தான், தசையில் கூடாது.

மணல் தரையில் தீவனம் போடுகிறீர்களா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 6 சாணி உருண்டையை ஒரு கண்ணாடிப் பாத்திரத் தண்ணீரில் கரைத்து அரைமணி விடுங்கள். அடியில் மணல் தடிமனாகப் படிந்தால் இசப்கோல் கிலோவுக்கு 1 கிராம் வீதம் தினம், ஒரு வாரம். கடற்கரைச் சவாரிக் குதிரைகளுக்கு இதை மாதம் ஒருமுறை செய்வது நல்லது.

#23 – மலைமட்டம்

வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. புரட்டாசிப் புழுக்கம் சித்திரையைவிட மோசம் என்பது என் எண்ணம்.

#24 – குளம்படி மருத்துவர்

சரியான எண்ணம். பாரன்ஹீட் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டுங்கள். 130க்குக் கீழ் கவலையில்லை. 150க்கு மேல் வேலையைக் குறைக்கவேண்டும். 180ஐத் தொட்டால் சவாரியே வேண்டாம். சித்திரை மதியம் 104 டிகிரி, ஈரம் 30 என்றால் 134. புரட்டாசியில் 92 டிகிரி, ஈரம் 75 என்றால் 167. வேர்வை காயாது, உடம்பு ஆறாது.

சூடேறிய குதிரைமேல் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பதை இன்னும் சொல்கிறார்கள். அப்படி இல்லை. நிழலில் நிறுத்தி, கழுத்து, மார்பு, தொடை உட்புறம், முதுகு என்று குளிர்ந்த தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றுங்கள், மூச்சு தணிந்து வெப்பமானி 102க்கு இறங்கும்வரை. ஈரச்சாக்கு போர்த்தாதீர்கள், வெப்பம் உள்ளேயே நிற்கும். வெயிலில் ஓடியும் தோல் காய்ந்தே இருக்கிறது, மூக்கு மட்டும் விரிந்து மூச்சு வாங்குகிறது என்றால் வேர்வை நின்றுபோகும் நோய்; வறண்ட ஊரிலிருந்து ஈரமான ஊருக்கு வந்த குதிரைக்கு வர வாய்ப்பு உண்டு. உங்களுடையதை முதல் கோடையில் குறிப்பாகக் கவனியுங்கள்.

#25 – லாடக்கொட்டகை

முதுகுல மழைச் செதில் விட்டுப்போச்சு. முடி கொத்துக்கொத்தா பிரஷ் நுனி மாதிரி எழும்பி, இழுத்தா அடியில பொருக்கோட வரும். வலிக்கும், அதனால காஞ்சதைப் பிச்சு எடுக்காதீங்க. குளோர்ஹெக்சிடின் கரைசல்ல ஊறவெச்சு 10 நிமிஷம் விட்டு, பொருக்கு இளகினதும் கழுவி, நல்லா காயவைங்க. அந்த பிரஷ்ஷையும் சேணத்துக்கு அடியில போடற துணியையும் வேற குதிரைக்குப் போடக்கூடாது. கொப்பளிக்கிற இடத்துல சேணம் ஏத்தாதீங்க.

#26 – தோப்புலாயம்

எல்லாம் நோட்டுல எழுதியாச்சு. கடைசியா ஒண்ணு: ராத்திரி காய்ச்சல் 103 காட்டுது, டாக்டர் காலையிலதான் வருவார்னா ரத்தம் எடுத்து வைக்கலாமா? பக்கத்துல மாட்டு டாக்டர் இருக்கார், எடுத்துத் தருவார்.

#27 – ரத்தப்பூச்சு

கட்டாயம். சர்ரா ஒட்டுண்ணி காய்ச்சல் ஏறியிருக்கும்போதுதான் ரத்தத்தில் மிகுதியாகத் தெரியும். காலையில் இறங்கிய பிறகு எடுத்தால் வெறும் கண்ணாடி. ஊதா மூடிக் குழாயில் 3 – 4 மி.லி. எடுத்து, குலுக்காமல் எட்டுப் பத்துமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தச் சொல்லுங்கள். அப்போதே 3 கண்ணாடித் தகட்டில் மெல்லிய பூச்சு இழுத்து, காற்றில் காயவிட்டு, மெத்தனாலில் நனைத்து எடுத்து வைக்கட்டும். தகட்டைக் குளிர்பெட்டியில் வைக்கவேண்டாம், ஈரம் கோத்துக் கெட்டுவிடும். ஈ நக்காதபடி டப்பாவில் மூடினால் போதும். குழாயைக் குளிர்பெட்டியின் கதவுப் பக்கத்தில் வையுங்கள், உறைபகுதியில் வேண்டாம். உயிரோடு நெளிவதைப் பார்க்கும் பரிசோதனை சில மணி நேரத்துக்குள் என்றால்தான் சரி. பூச்சும் பிசிஆரும் காலைவரை தாங்கும். குழாயின்மேல் தேதி, நேரம், அப்போதைய காய்ச்சல் மூன்றும் இருக்கட்டும். அன்று காலையில் ஏதாவது ஊசி போட்டிருந்தால் அதன் பெயரும்.

#28 – குளம்படி மருத்துவர்

கூடவே மட்டக்குதிரைக்கும் அன்றைக்கே ஒரு குழாய் எடுக்கச் சொல்லுங்கள். வேறு ஊசியால்.